யாழினிக்கு எத்தனை கல்லூரி?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் தாள்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண் யாரோ, அவருக்குத்தான் முதல் மன்னிப்பு. முதல் வரியை நேராகத்தான் தொடங்குகிறேன், நாலாவது வரிக்குள் எழுத்து கீழே சரிந்துவிடுகிறது. சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லையோ என்னவோ. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் நின்றுவிட்டது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டாலும் எனக்குத் தெரியாது.

இந்த வாரத் தொடரில் என் தங்கச்சி மகளைப் பற்றி.

ஸ்டூலில் உட்கார்ந்தவள்

மே மாதக் கடைசி. பஹ்ரைனின் மனாமாவில் குதைபியா சந்துகளில் ஏசி பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே போகிறவன் தலையில் விழும். அது குளிர்ந்த தண்ணீராக இருக்கும் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். வெந்நீர்.

எங்கள் தையல் கடையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலில் யாழினி உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் நாலு நாள் என்னைப் பார்க்க இறங்கியிருந்தாள். நான் கடைக்கு மேலே மூன்று ஆண்களோடு ஒரே ரூமில் இருப்பவன். அதனால் அவளை என் தங்கச்சியின் தோழியான ஒரு நர்ஸ் வீட்டில் தங்கவைத்திருந்தோம்.

கையில் தேநீர்க் கிளாஸ். எதிரே நான், ஒரு ஜலாபியாவுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இங்கத்திப் பெண்கள் பெருநாளுக்குப் போடும் நீள அங்கிக்கு அதுதான் பெயர்.

"மாமா, ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"என்ன நம்பர்?"

"எத்தனை காலேஜுக்கு அப்ளை பண்ணணும்னு. அம்மா முப்பதுங்கிறாங்க. அப்பா அஞ்சு போதுங்கிறார். ஒரு மாசமா சண்டை. கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து, மாமாகிட்ட கேளு, அவர் சொல்றதுதான்னு சொல்லிட்டாங்க."

நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கூச்சக்காரன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்கு வராது. தோளைப் பார்த்துத்தான் பேசுவேன். இருபது வருஷமாக வருகிறவர்களைக்கூட எனக்குத் தோளை வைத்துத்தான் அடையாளம் தெரியும். எங்கள் பக்கம் காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை தாய்மாமனைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் நான் இங்கிருந்து பணமும் துணியும் அனுப்பித் தப்பித்துவந்தேன். இந்த முறை அந்தச் சபையே ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மாலிஷ் டாக்டர்

அவள் படிக்க ஆசைப்பட்டது டாக்டருக்கு. அதில் ஆஸ்டியோபதி என்று ஒரு வகை.

கடையில் என்னோடு வேலை செய்பவர் ஹமீத் பாய். ஹைதராபாத்காரர், துணி வெட்டுவது அவர்தான். என்னோடு இருந்து இருந்து அரைத் தமிழ் பேசுவார். பெண் பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு 'பேட்டி', அதாவது மகள். அவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"க்யா பேட்டி? ஹோமியோபதியா? வெள்ளை உருண்டை?"

"இல்ல அங்கிள், ஆஸ்டியோபதி."

"அச்சா, எலும்பு! கை ஒடஞ்சா கட்டு போடற டாக்டர்."

"அதுவும் இல்ல. இவங்க ஃபுல் டாக்டர். மருந்து எழுதுவாங்க, ஆபரேஷன் பண்ணுவாங்க, எல்லாம் உண்டு. அதோட, கையால தொட்டுப் பாத்து, தசை, எலும்பு எங்க இறுகியிருக்குன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணவும் படிப்பாங்க."

"மாலிஷ் டாக்டர்! உடம்பு பிடிச்சு விடற டாக்டர்!" என்றார் ஹமீத் பாய் பெருமையோடு, தானே கண்டுபிடித்தவர் போல. "ரொம்ப நல்ல வேலை. முருகேஷ் பாய் கழுத்து பாரு. முப்பது வருஷம் குனிஞ்சு குனிஞ்சு ஒட்டகம் மாதிரி ஆச்சு. யல்லா, சரி பண்ணு."

அவள் என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொடவில்லை. "நான் இன்னும் டாக்டர் இல்ல அங்கிள். தெரியாம தொடக்கூடாது" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. தெரியாமல் துணியில் கத்தரி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும்போது அப்படி ஒரு டாக்டரோடு கூடவே இருந்து பார்த்தாளாம். ஒரு லாரி டிரைவர் முதுகுவலி என்று வந்திருக்கிறார். அந்த டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முதுகில் கை வைத்து, "இங்கேயா? இங்கேயா?" என்று கேட்டுக்கொண்டே போனாராம். ஒரு இடத்தில் அந்த ஆள் பேச்சை நிறுத்திவிட்டு அழுதாராம்.

"வலிச்சு அழல மாமா. இத்தனை நாள்ல யாரும் அந்த இடத்தைத் தொட்டுப் பாக்கலைன்னு அழுதார்."

ஹமீத் பாய் அதற்குப் பிறகு மாலிஷ் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

ஒரு பாஸ்போர்ட், இரண்டு விசா

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் முதன்முதலில் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது ஏஜென்டிடம் பாஸ்போர்ட் காப்பியைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரிடமும் போய், என்ன ஆச்சு என்று கேட்கும் தைரியமும் இல்லை. அதனால் சத்தமில்லாமல் இன்னொரு ஏஜென்டிடம் இன்னொரு காப்பியைக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் இரண்டு பேரும் விசாவோடு வந்தார்கள். ஒன்று குவைத், ஃபஹாஹீலில் தையல் கடை. இன்னொன்று இதே பஹ்ரைன்.

இரண்டாவது ஏஜென்ட் எங்கள் தெருவில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு விசாவாடா? எந்த ஊர் நியாயம்டா இது? நாளைக்கு ஏர்போர்ட்லயே உன்னைப் புடிச்சு உள்ள வைப்பான் பாரு!"

நான் ஃபஹாஹீல் விசாவில் போனேன். பஹ்ரைனுக்கு வந்தது சில வருஷம் கழித்துத்தான். விமானத்தில் ஏறி, இறங்கி, ரூமுக்குப் போய்ப் படுக்கும்வரை யாரோ தோளில் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்று மனதில் ஆணி அடித்த மாதிரி ஒன்று பதிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கஃபீல், ஒரு விசா. அதற்கு மேல் ஆசைப்பட்டால் உள்ளதும் போய்விடும். நம் பேரில் விசா எடுத்துக் கூப்பிடும் முதலாளியைத்தான் இங்கே கஃபீல் என்போம்.

அதனால் யாழினி முப்பது, அஞ்சு என்று பேசப் பேச நான் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, ஒண்ணுக்கு மேல போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடாதா?"

"எது?"

"நீ இன்னொரு இடத்துலயும் கேட்டிருக்கேன்னு."

"தெரியுமே மாமா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. ஃபார்மே ஒண்ணுதான். எந்தெந்த காலேஜுக்குப் போகணும்னு டிக் பண்ணணும், அவ்வளவுதான்."

"ஒரே ஃபார்மா? எல்லாருக்குமா? யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"எதுக்குக் கோவம்?"

"இருந்தாலும்... நம்ம பக்கம் சுத்தமா இருக்கணும்ல. நான் சொல்றேன். ஒண்ணு போடு. நல்லதா ஒண்ணு."

அவள் சிரித்தாள். ஸ்டூலிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தாள். தேநீர் அவள் முட்டியில் சிந்தியது. ஹமீத் பாயும் விஷயம் என்ன என்று தெரியாமலே சிரித்தார்.

"முப்பது, அஞ்சு, ஒண்ணு. சூப்பர். இப்போ மூணு நம்பர் ஆயிடுச்சு" என்றாள்.

ஆணி இல்லை

மறுநாள் மத்தியானம் கடை சாத்துகிற நேரம். இங்கே ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்போம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

எங்கள் கடைச் சுவரில் இருபத்தாறு ஆணிகள் உண்டு. பெருநாள் ஆர்டர் ஒவ்வொன்றும் துணி, அளவுச் சீட்டு, லேஸ், பட்டன் எல்லாம் ஒரு பையாகக் கட்டி ஒரு ஆணியில் தொங்கும். ஆணி நிறைந்துவிட்டால் வாசலில் அட்டை தொங்கும்: ஆர்டர் முடிந்தது. பணம் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும் கிடையாது. இந்த ஊரில் எல்லாத் தையல் கடைகளும் பெருநாளுக்கு முன்னால் இப்படித்தான் நிறுத்துவார்கள். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம்.

அட்டை தொங்கிய பிறகும் உம் யூசுஃப், அதாவது யூசுஃபின் அம்மா, வந்தார். பழைய வாடிக்கையாளர், பெரிய மனுஷி. பச்சைப் பட்டுத் துணியை மேஜையில் வைத்தார்.

"கலாஸ், மதாம்" என்றார் ஹமீத் பாய். "ஆர்டர் மாஃபி." முடிந்தது, இனி இல்லை என்று அர்த்தம்.

அவர் ஹமீத் பாயை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "முருகேஷ், பஸ் வாஹித். ஒன்றே ஒன்று. எனக்காக."

நான் அவர் தோளைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஷட்டரைப் பாதி இறக்கியதும் யாழினி கேட்டாள். "பாவம் மாமா அந்த ஆன்ட்டி. ஒண்ணு எக்ஸ்ட்ரா தைக்க முடியாதா உங்களால?"

"முடியும். ஆணி இல்லை."

"ஒரு ஆணி அடிச்சாப் போச்சு."

"அடிச்சோம்மா ஒரு வருஷம்" என்றேன்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஹமீத் பாய்க்கு மட்டும் தெரியும். அந்த வருஷம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு அஞ்சு ஆணி அதிகம் அடித்தேன். கடைசி மூன்று நாளும் கண் எரிய எரிய வேலை. ஒரே கடையில் வாங்கிய ஒரே மெரூன் துணி, இரண்டு பெண்கள். ஒருவர் நல்ல உயரம், ஒருவர் குள்ளம். சீட்டை மாற்றி வைத்துவிட்டேன். உயரமானவருக்குக் குள்ளமானவரின் கை போய்விட்டது.

பெருநாள் காலையில் அந்த உயரமான பெண் கடை வாசலில் வந்து நின்றார். வெளியே தொழுகை முடிந்து எல்லாரும் புதுத்துணியில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டிவிட்டுப் போய்விட்டார்.

"அவங்க கத்தியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்" என்றேன்.

யாழினி எழுந்து போய் ஒரு ஆணியில் கோணலாகத் தொங்கிய பையை நேராக்கினாள். பிறகு சொன்னாள்.

"என்கிட்டயும் யாரும் கத்தல மாமா."

ஆறு இல்லாத ஊர்

போன வருஷமும் அவள் மனுப் போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். எங்கும் கிடைக்கவில்லை என்றும் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஃபார்மில் டிக் போடுவது லேசாம். போட்ட பிறகுதான் வேலை. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பும். எங்கள் கல்லூரி ஏன், எங்கள் ஊர் ஏன், இங்கே படித்து என்ன செய்வாய். இரண்டு வாரத்துக்குள் பதில் போனால்தான் மரியாதை. போன வருஷம் இருபத்து நாலு கல்லூரிக்குப் போட்டிருந்தாள். கேள்விகள் மொத்தமாக ஒரே வாரத்தில் வந்து குவிந்தன. பகலில் லேபில் வேலை. ஒன்றை எழுதி, அதையே வெட்டி ஒட்டி, பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில் வயதான டாக்டர் ஒருவர் அவள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாராம். "எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நடப்பது உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் ஊரில் ஆறு இல்லையே அம்மா?"

"நான் என்ன சொல்ல மாமா? அவர் சிரிக்கக்கூட இல்ல. தண்ணி வேணுமான்னு கேட்டார்."

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. அதனால் அம்மா, இருபத்து நாலு போதவில்லை, முப்பது போடு என்கிறாள். அப்பா, அத்தனை இடத்தில் வேண்டாம் என்று சொல்லக் கேட்டதே போதும், அஞ்சோடு நிறுத்து என்கிறார். இரண்டு பேரும் உண்மை தெரியாமல் கணக்குப் போடுகிறார்கள்.

"இதுதான் லாஸ்ட் டைம். இந்த வருஷமும் கிடைக்கலைன்னா வேற வேலைக்குப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பார்த்தேன். கண்ணைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஹமீத் பாய் சோற்றுப் பாத்திரத்தை மூடினார். "பேட்டி," என்றார், "அந்த புட்டா, கிழவர் டாக்டர், நல்ல ஆள். தண்ணி குடுத்தாரு. நம்ம பெருநாள் மதாம் தண்ணி வேணுமான்னுகூட கேக்கல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

கறுப்புத் துணியில் சாக்பீஸ்

பிறகு அவளே எழுந்தாள். வெட்டும் மேஜையில் கறுப்பு லைனிங் துணி விரித்துக் கிடந்தது. "ஹமீத் அங்கிள், இதுல எழுதலாமா?"

"எழுது. தட்டினா போயிடும்."

அம்மா கொடுத்த முப்பது பெயரையும் தையல் சாக்பீஸால் வரிசையாக எழுதினாள். ஆங்கிலம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அவை என்ன ஊர், எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. அதுவே அவளுக்கு வசதியாகிவிட்டது.

"மாமா, நான் ஒவ்வொண்ணா சொல்றேன். அந்தக் காலேஜ் எனக்கு ஏன் வேணும்னு உங்களுக்குத் தமிழ்ல சொல்லணும். ஒரே ஒரு காரணம். சொல்ல முடியலைன்னா அழிச்சிடுங்க."

"நான் எப்படிம்மா...?"

"உங்களுக்குப் புரியலைன்னா அவங்களுக்கும் புரியாது."

நான் ஈரத் துணியோடு நின்றேன். ஹமீத் பாய் ஸ்டூலில் நீதிபதி மாதிரி உட்கார்ந்தார்.

"முதல் காலேஜ். இது... ரொம்ப ஃபேமஸ்."

"அப்புறம்?"

"ஃபேமஸ்."

"மாஃபி!" என்றார் ஹமீத் பாய். நான் அழித்தேன்.

"இது பீச் பக்கத்துல இருக்கு."

"பீச் இங்கேயும் இருக்கு. மாஃபி!"

"இதுல என் ஃப்ரெண்ட் படிக்கிறா."

"உன் ஃப்ரெண்ட் படிச்சு முடிச்சுப் போயிடுவா. நீ என்ன பண்ணுவே?"

"அங்கிள், நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"பெருநாள் சீசன், பேட்டி. டைம் இல்லே."

இப்படிப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு பெயரில் நின்றாள். "இது மலை நடுவுல ஒரு சின்ன ஊர். அங்க உள்ளவங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டணும். சுரங்க வேலை பாத்தவங்க நிறைய. எல்லாருக்கும் முதுகு போயிருக்கும். அங்க படிச்சா ரெண்டாவது வருஷமே அவங்களைப் பாக்க விடுவாங்க." இதைச் சொல்லும்போது அவள் பேச்சு மாறியது. ஆங்கிலம் கலக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ஹமீத் பாய், அடுத்தது என்று கை காட்டினார். அந்தப் பெயர் தங்கியது.

ஆறு இல்லாத ஊரின் பெயரும் பட்டியலில் இருந்தது. அதை அவளே அழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதினாள்.

"வெக்கமா இருக்காதா?" என்றேன்.

"இருக்கும். ஆனா அங்க ஆறு இல்லைன்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவ இந்த வருஷம் வேற யாரும் இருக்க மாட்டா."

கடைசியில் பதினாலு நின்றது. அவள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டு வாரம், வேலைக்குப் போய்க்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்று. மனசே இல்லாமல் இன்னும் மூன்றை அழித்தாள்.

பதினொன்று.

"பதினாலு நாள், பதினொண்ணு. மீதி மூணு நாள்?" என்றார் ஹமீத் பாய்.

"தூங்கி எழுந்து, தப்பு இருக்கான்னு படிச்சுப் பாக்க."

நான் பேசியது

அப்போது இங்கே மூன்று மணி. அங்கே காலை. யாழினி போனை மேஜையில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிட்டாள். என் தங்கச்சி செல்வியும் மாப்பிள்ளையும் ஒரே திரைக்குள் முட்டிக்கொண்டு வந்தார்கள். செல்வி தலையில் டவல், மாப்பிள்ளை கையில் காப்பி.

"என்ன அண்ணே, சொல்லு. முப்பதுதானே?"

"பதினொண்ணு" என்றேன்.

"என்னது?"

"பதினொண்ணு, செல்வி."

"உனக்குக் கிறுக்காண்ணே? இருபத்து நாலுக்கே ஒண்ணும் கிடைக்கல. நீ பாதிகூட இல்லாம சொல்றே! உன்னைப் போய்க் கேக்கச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மாப்பிள்ளை காப்பியை வைத்தார். "அஞ்சுன்னா அஞ்சு, முப்பதுன்னா முப்பது. அதென்ன மச்சான் நடுவுல பதினொண்ணு? ஏதாவது கணக்கு இருக்கா?"

கணக்கு இருந்தது. சொன்னால் ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அது என் ரகசியம் இல்லை. திரையில் எனக்குத் தோள்கூடத் தெரியவில்லை, வெறும் முகங்கள்தான்.

"அவ கை எவ்வளவு தைக்குமோ... அவ்வளவுதான் எடுக்கணும், மாப்பிள்ளை" என்றேன். "நான் பாத்தேன். பதினொண்ணையும் ஒண்ணொண்ணாக் கேட்டேன். ஒவ்வொண்ணுக்கும் அவகிட்ட பதில் இருக்கு. மத்ததுக்கு இல்லை. பதில் இல்லாத இடத்துக்கு எதுக்குப் போடணும்?"

என் வாழ்க்கையில் மாப்பிள்ளையிடம் ஒரே மூச்சில் நான் பேசியதில் இதுதான் நீளம்.

"அப்ப போன வருஷம் பதில் இல்லாமலா போட்டா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. படித்த மனுஷன், சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். யாழினி என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போன் முன்னால் வந்து நின்றாள். ஆற்றைச் சொன்னாள், முழுவதும். வெட்டி ஒட்டியது, அந்தப் பெரியவர் கேட்டது, தண்ணீர் கொடுத்தது.

படம் நின்றுவிட்டதோ என்று ஹமீத் பாய் போனைத் தட்டிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். தோள் குலுங்க, காப்பி சிந்தச் சிரித்தார். "ஆறா! அடிப்பாவி! என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் ஒரு வருஷமா அந்தக் காலேஜ்காரங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன்டி!"

செல்வி சிரிக்கவில்லை. டவலை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தனியா வச்சுக்கிட்டு இருந்தியா இத்தனை நாளா?" என்றாள். அப்புறம் அவளுடைய இயல்புப்படி என் பக்கம் திரும்பினாள். "சரிண்ணே, பதினொண்ணு. ஆனா பன்னெண்டா வச்சிருந்தா என்ன, ஒத்தப்படையாவா வைப்பே?"

"ஒத்தப்படைதான்டி நல்லது. மொய்கூட நூத்தியொண்ணுதானே வைக்கிறோம்" என்றேன்.

செல்வி டவலை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள்.

இதை இப்போது எழுதக் காரணம்

யாழினி அமெரிக்கா திரும்பினாள். பதினோரு கடிதமும் எழுதினாள். ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் போனில் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஹமீத் பாய் இரண்டை நிராகரித்தார். அவள் திருத்தி எழுதினாள்.

இந்தக் கதையைத் தொடரில் எழுதட்டுமா என்று அப்போதே கேட்டேன். "சீட் கிடைச்சா எழுதுங்க மாமா. இல்லைன்னா வேணாம், ப்ளீஸ்" என்றாள். நானும் தாளை எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆறு இல்லாத ஊர் இந்த முறை கூப்பிடவே இல்லை. ஒரு இடம் வேண்டாம் என்றது. அதற்குப் பிறகு நான் அவளைக் கூப்பிட்டால்கூட, சாப்பிட்டியா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நேற்று ராத்திரி, ஷட்டரை இறக்கும் நேரத்தில் போன் வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"யாழினி?"

"அந்த மலை ஊர், மாமா" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"வரச் சொல்லிட்டாங்க."

எனக்கு நல்ல சேதிக்கு என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் பிற்பாடுதான் ஞாபகம் வரும். "எப்போ ஜாயினிங்?" என்று கேட்டேன். இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கேள்விதான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஹமீத் பாய் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, போனைப் பிடுங்கி, "டாக்டர் சாப்! முபாரக்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். எதிரே கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடைக்காரர் என்ன விபத்தோ என்று ஓடி வந்தார். அவருக்கும் சொன்னோம். அவர் ஒரு டப்பா மிட்டாயைத் தானே பிரித்துத் தானே முதலில் எடுத்துக்கொண்டார்.

"இப்போ எழுதலாம் மாமா" என்றாள் யாழினி, போனை வைப்பதற்கு முன்னால். "ஆத்தையும் சேத்தே எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

குதைபியா, கார்த்திகை மாதம் முதல் வெள்ளி, காலை.